மிஞ்சிய ரத்தம் குப்பை இல்லை

நேற்று இணையத்தில் நடந்த விவாதத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பரிசோதனை முடிந்து மிஞ்சும் ரத்தமும் சதையும் எப்படியும் குப்பைக்குத்தான் போகும், அதை ஆராய்ச்சிக்கு எடுக்க நோயாளியிடம் தனியாக எதற்கு அனுமதி என்று கேட்டார் ஒரு மருத்துவ நண்பர். கீழே வரிசையாகக் கைதட்டல். எனக்கு மனம் ஆறவில்லை.

குப்பையா? என் அம்மாவின் மார்பில் இருந்த கட்டியிலிருந்து சிறு சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்தார்கள், அதாவது பயாப்ஸி. இன்னொரு மருத்துவரிடம் காட்டலாம் என்று போனபோது, மெழுகில் பதித்த அந்தச் சதைத் துணுக்கையும் ஸ்லைடுகளையும் வாங்கி வரச் சொன்னார். ஆய்வகக் கவுன்டரில் அம்மாவின் கடிதம், அடையாள அட்டை நகல், முன்பணம் எல்லாம் கேட்டார்கள். பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறேன் என்று ரிஜிஸ்டரில் எழுதி வாங்கினார்கள். அம்மாவின் சதையை அம்மாவின் சிகிச்சைக்கு எடுத்துப்போக இத்தனை காவல். ஆராய்ச்சி என்றதும் அதுவே குப்பையாகிவிடுமா?

அம்மா கையெழுத்துப் போட்டாரே என்பீர்கள். போட்டார். ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், பக்கம் பக்கமாக இருந்த படிவத்தில், “இங்கே போடுங்கள் அம்மா” என்று விரல் வைத்துக் காட்டிய இடத்தில் போட்டார். அதைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவசுபாய் பழங்குடியினரும் கையெழுத்துப் போட்டவர்கள்தான். வீட்டுக்கு வீடு நீரிழிவு. அதற்கு வழி பிறக்கும் என்று நம்பி 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு ரத்தம் கொடுத்தார்கள். படிவத்தின் வாசகமோ பொதுப்படையானது. ஆய்வாளர்கள் அந்த ரத்தத்தில் மனச்சிதைவு நோயின் தடயத்தையும் தேடினார்கள். உறவுக்குள்ளேயே மணந்துகொண்ட கலப்பு எவ்வளவு என்று பார்த்தார்கள். முன்னோர் எங்கிருந்து வந்தவர்கள் என்றும் எழுதினார்கள். அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றிய குலம் நாங்கள் என்று நம்பும் மக்களிடம்! அந்த மக்கள் வழக்கு நடத்தி 2010இல் 7 லட்சம் டாலர் பெற்றார்கள். அதோடு விடவில்லை, மிஞ்சிய ரத்தத்தையும் திரும்ப வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். குப்பையைத் திரும்பக் கேட்க யாராவது வழக்குப் போடுவார்களா?

பெயரை நீக்கிவிடுகிறோமே என்றும் ஒருவர் எழுதியிருந்தார். பெயர் நீக்கிய மரபணுத் தரவுகளை இணையத்தில் கிடைக்கும் வம்சாவளித் தகவல்களோடு ஒப்பிட்டே சிலரின் குடும்பப் பெயரைக் கண்டுபிடிக்க முடியும் என்று 2013இலேயே ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) வழிகாட்டுதலை எடுத்து நீட்டினார் இன்னொருவர். படித்தேன். அடையாளம் நீக்கிய, மிஞ்சிய ரத்த, சதை மாதிரிகளுக்கு, ஆராய்ச்சி முறையானதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழு, சம்மதம் வாங்குவதிலிருந்து விலக்கு தரலாம் என்கிறது 2017ஆம் ஆண்டு ஆவணம். தரலாம். குழு ஆராய்ந்து தர வேண்டிய விலக்கு அது. கேட்கவே வேண்டாம் என்று எங்கே இருக்கிறது?

கேட்டுக்கொண்டே இருந்தால் ஆராய்ச்சி நின்றுவிடும் என்கிறீர்கள். இதுதான் என்னை மிகவும் நோகடிக்கிறது. நாங்கள் தர மாட்டோம் என்று யார் சொன்னது? தனக்கு ஏறிய மருந்துக்கு முன்னால் யார் யாரோ உடம்பைக் கொடுத்திருக்கிறார்கள் என்பது அம்மாவுக்குத் தெரியும். கேட்டிருந்தால் முதல் ஆளாகச் சரி என்றிருப்பார். எழுதப் படிக்கத் தடுமாறுகிறவளிடம் என்ன கேட்பது என்று நினைத்துவிட்டீர்கள். தமிழில் ஒரு பக்கம், ஆராய்ச்சிக்கென்று தனியாக ஒரு கையெழுத்து, வேண்டாம் என்று பிறகு தோன்றினால் கூப்பிட ஒரு எண். இதைத் தர முடியாத அளவுக்கு எங்களுக்கு நேரமில்லை என்று அந்த நண்பர் வெளிப்படையாகவே எழுதட்டும்.