பிஸ்த்ரித்சா பாட்டிகளும் பூட்டிய கேட்டுகளும்

பல்கேரியக் கிராமங்களைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரே கதைதான். இளைஞர்கள் வெளியேறிவிட்டார்கள், பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள், வயதானவர்கள் மட்டும் மிச்சம். பொய்யில்லை. 1980களின் இறுதியில் 90 லட்சத்தை ஒட்டி இருந்த நாட்டின் மக்கள்தொகை, 2021 கணக்கெடுப்பில் சுமார் 65 லட்சமாகிவிட்டது. ஆனால் என்னை அதிகம் உறுத்துவது ஆள் பெருகிப் பெருகியே தன்னை இழந்துகொண்டிருக்கும் ஓர் ஊர்.

பிஸ்த்ரித்சா. தலைநகர் சோஃபியாவின் விளிம்பில், வித்தோஷா மலையடிவாரத்தில் இருக்கிறது. சோஃபியா மாநகராட்சியின் எல்லைக்குள் வந்தாலும் இன்றும் கிராமம் என்றுதான் கணக்கு. அவர்கள் மொழியில் ‘பிஸ்த்ரா’ என்றால் தெளிந்தது. மலையிலிருந்து இறங்கும் ஆற்றுக்கும் இதே பெயர்.

நான் அங்கே போனதில்லை. அந்த ஊர்ப் பாட்டிகளின் குரல் வழியாகத்தான் எனக்கு அது பழக்கம். ‘பிஸ்த்ரித்சா பாபி’ என்பார்கள். பாபி என்றால் பாட்டிமார். ஒருவரோ இருவரோ மெட்டை எடுத்துப் போவார்கள், மற்றவர்கள் ஒரே சுரத்தில் ஒத்துப் பிடித்து நிற்பார்கள். மெட்டுக்குள்ளேயே ‘இஸ்விக்வா’ என்று உரக்கக் கூவும் பகுதி ஒன்று, ‘புச்சி கிரிவோ’ என்று கோணலாக முழங்கும் பகுதி ஒன்று. குரல்கள் மிக நெருங்கிய சுரங்களில் ஒன்றோடொன்று உரசும். முதல் தடவை கேட்டபோது சுருதி பிசகிவிட்டது என்றே நினைத்தேன். இரண்டு மூன்று தடவை கேட்ட பிறகு அந்த உரசலுக்காகவே திரும்பத் திரும்பக் கேட்க ஆரம்பித்தேன். ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு, வட்டமாக, சின்னச் சின்ன அடியாக வைத்து ஆடுவார்கள்.

2005இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் அரும்பெரும் மரபுகளில் ஒன்றாக அறிவித்தது, 2008இல் பட்டியலிலும் சேர்த்தது. சரி, நல்ல விஷயம். ஆனால் பட்டியல் காப்பாற்றுவது மேடையில் பாடுகிற பாட்டை. இந்தப் பாட்டு மேடைக்காகப் பிறந்ததில்லையே!

ஈஸ்டருக்கு எட்டு நாள் முன்னால் லாசரு சனிக்கிழமை வரும். அன்று ஊரின் வயதுப் பெண்கள் அலங்கரித்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பாடுவார்கள். அதற்கு லாசருவானே என்று பெயர். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஏற்றபடி பாட்டு உண்டு: குழந்தைக்கு ஒன்று, கல்யாணமாகாத பையனுக்கு ஒன்று. வீட்டார் முட்டையும் காசும் கொடுப்பார்கள். லாசருவானே போகாத பெண்ணுக்குக் கல்யாணம் கூடாது என்கிற அளவுக்கு அந்தக் காலத்தில் இது முக்கியம். இந்தச் சடங்குக்கு அடிப்படைத் தேவை ஒன்றே ஒன்று, திறந்திருக்கும் கதவு.

இப்போது வித்தோஷா அடிவாரத்தைப் பாருங்கள். 1990களுக்குப் பிறகு நகரத்தின் வசதி படைத்தவர்கள் மேலே ஏறி வந்து, சுற்றுச்சுவர் எழுப்பி, காவலாளி வைத்துக் குடியிருப்புகள் கட்டினார்கள். அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. சோஃபியா நாலு பக்கமும் மலை சூழ்ந்த பள்ளம். குளிர்காலத்தில் அடுப்புப் புகையும் வாகனப் புகையும் மேலே போக வழியில்லாமல் அப்படியே தேங்கி நிற்கும். நாட்டின் காற்றில் துகள் மாசு வரம்பு மீறுகிறது என்று ஐரோப்பிய நீதிமன்றமே 2017இல் பல்கேரியாவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. பிள்ளைக்கு நல்ல மூச்சுக் கிடைக்கட்டும் என்று மலையடிவாரத்துக்கு வருவது தப்பா? இல்லை. மூச்சுக்காக வந்தவர்கள் வாசலைச் சுவருக்குள் வைத்துக்கொள்வதுதான் எனக்கு வலிக்கிறது.

அதே மலையடிவாரத்தில் பொயானாவும் ஒரு காலத்தில் தனிக் கிராமம். இன்று சோஃபியாவின் விலை உயர்ந்த பேட்டை. அங்குள்ள தேவாலயத்தில் 1259இல் வரைந்த சுவரோவியங்கள் பத்திரமாக இருக்கின்றன. ஈரமும் சூடும் ஏறாதபடி ஒரு நேரத்தில் சிலரை மட்டுமே உள்ளே விடுகிறார்கள். ஓவியத்தை அப்படிக் காக்கலாம். பாட்டிகளின் பாட்டை எந்த அறைக்குள் வைத்துப் பூட்டுவது? ஒருத்தி பாட, பக்கத்தில் நிற்கும் சிறுமி அந்தக் கோணல் குரலைத் தன் தொண்டையில் பிடித்தால்தான் உண்டு. அதற்கு மேடை நிகழ்ச்சி மட்டும் போதாது. பொது முற்றம் வேண்டும், நடந்து போக ஒரு தெரு வேண்டும். கட்டட அனுமதி கொடுப்பவர்கள் இதையும் மரபுப் பாதுகாப்பாகவே பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அங்கே புதிதாகக் குடியேறிய யாரையாவது நான் சந்தித்தால் கேட்பது இதைத்தான்: அந்தச் சனிக்கிழமை காலை மட்டுமாவது கேட்டைத் திறந்து வையுங்கள். கூடையில் போட நாலு முட்டை எடுத்து வையுங்கள். வீட்டில் பெண் பிள்ளை இருந்தால், பாட்டுத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அவளையும் அந்தக் கூட்டத்தோடு அனுப்பிவையுங்கள்.