ஜாவாவில் ஃபைனல் போடாத ஃபீல்டுதான் காரணம் சொல்ல வேண்டும்

கோட் ரிவியூவில் நான் சலிக்காமல் எழுதும் ஒரு குறிப்பு உண்டு: இந்த ஃபீல்டு பிறகு மாறப் போவதில்லை என்றால் அதற்கு ஃபைனல் போடுங்கள். ஃபீல்டு என்பது ஒரு கிளாஸ் தனக்குள் வைத்திருக்கும் மதிப்பு; ஃபைனல் என்பது அதற்கு ஒருமுறை அளித்ததை மறுபடி மாற்ற விடாத சொல். இதை வெறும் எழுத்து நடை சார்ந்த விருப்பம் என்று எண்ணுபவர்கள் பலர். நான் அப்படி நினைக்கவில்லை.

ஒரு ரசீது கிளாஸை எடுத்துக்கொள்வோம். அதில் எண், தேதி, வாடிக்கையாளர், தொகை, நிலை என ஐந்து ஃபீல்டுகள். நிலை மட்டும்தான் 'நிலுவை' என்பதிலிருந்து 'செலுத்தப்பட்டது' என்று மாறும். மற்ற நான்கும் ஃபைனல் என்றால், தொகை தவறாக வருகிறது என்ற புகார் வரும்போது, ஆப்ஜெக்டை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டருக்குள் என்ன மதிப்பு வந்தது என்று பார்த்தால் போதும். ஃபைனல் இல்லையென்றால் அந்தத் தொகையைத் தொடக்கூடிய ஒவ்வொரு மெத்தடையும் படித்தாக வேண்டும். கன்ஸ்ட்ரக்டர்களில் ஏதாவது ஒன்று மதிப்பளிக்க மறந்தாலும், இருமுறை அளித்தாலும், கம்பைலர் அங்கேயே நிறுத்திவிடும்.

ஒரே நேரத்தில் இயங்கும் வேலைத் தொடர்களான திரெட்டுகள் பல ஓடும் நிரலில் இதன் பயன் இன்னும் பெரிது. 2004-இல் வந்த ஜாவா 5, நினைவக விதிகளைத் திருத்தி எழுதியபோது ஃபைனல் ஃபீல்டுகளுக்குத் தனி உறுதி ஒன்றைத் தந்தது. கன்ஸ்ட்ரக்டர் முடிவதற்கு முன் ஆப்ஜெக்ட் வெளியே கசியாமல் இருந்தால், லாக் (ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் அனுமதிக்கும் பூட்டு) எதுவும் இல்லாமலேயே மற்ற திரெட்டுகள் அந்த ஃபீல்டின் சரியான மதிப்பைக் காணும். சாதாரண ஃபீல்டுக்கு இந்த உறுதி கிடையாது.

ஆனால் ஃபைனல் என்று போட்டுவிட்டாலே எல்லாம் உறைந்துவிட்டது என்று நம்புவதும் ஆபத்தானது. ஃபைனல் பட்டியல் ஒன்றை வேறொரு பட்டியலாக மாற்ற முடியாது. அதே பட்டியலில் யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், நீக்கலாம். 'மாற்ற முடியாத பட்டியல்' என்று பொருள்படும் அன்மாடிஃபையபிள் லிஸ்ட் என்பதும் மூலப் பட்டியலின் மேல் போட்ட ஒரு பார்வைதான். மூலம் மாறினால் அதுவும் மாறும். கன்ஸ்ட்ரக்டரிலேயே லிஸ்ட் காப்பிஆஃப் கொண்டு நகலெடுத்து வைப்பதே சரி. தேதிக்கான பழைய டேட் கிளாஸுக்கும், உள்ளிருக்கும் மதிப்பு மாறக்கூடும் என்ற இதே சிக்கல் உண்டு; புதிய லோக்கல்டேட்டுக்கு இல்லை.

கிளாஸ் முழுவதற்கும் பொதுவான ஸ்டாட்டிக் ஃபைனல் மாறிலிகளின் கதை வேறு. ஒரு நூலகத்தில் (பிற நிரல்கள் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பில்) அதிகபட்ச முயற்சி 3 என்று எழுதியிருந்தால், அதைப் பயன்படுத்தும் நிரலின் கிளாஸ் கோப்பில் கம்பைலர் அந்த 3-ஐயே நேரடியாகப் பதித்துவிடும். பிறகு நூலகத்தில் 5 என்று மாற்றி, அந்த நூலகத்தின் புதிய ஜார் கோப்பை மட்டும் வைத்தால், மறுபடி கம்பைல் செய்யும்வரை அந்த நிரல் 3 முறைதான் முயலும். சி ஷார்ப் மொழியின் கான்ஸ்டிலும் இதே நிலைதான். அங்கே ரீட்ஒன்லி என்று எழுதினால் மதிப்பு ஓடும்போதே படிக்கப்படும். ஆகவே ஒரு நாளுக்கு 24 மணி நேரம் போன்ற, என்றுமே மாறாத மதிப்புகளை மட்டுமே பொது மாறிலியாக வெளியிட வேண்டும் என்பதும், மாறக்கூடியவற்றை ஒரு மெத்தட் வழியாகத் தர வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து.

எங்கு பார்த்தாலும் ஃபைனல் இருந்தால் படிக்க உறுத்துகிறது என்ற குறையில் நியாயம் உண்டு. மெத்தடுக்குள் இருக்கும் மாறிகளுக்கு நான் வற்புறுத்துவதில்லை. அவற்றின் ஆயுள் சில வரிகள்தான். ஃபீல்டுகளுக்கு மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2021-இல் ஜாவா 16 உடன் நிலைபெற்ற ரெக்கார்டில் (தரவைத் தாங்குவதற்கான கிளாஸ் வகை) ஃபீல்டுகள் தாமாகவே ஃபைனல் என்பதால் அந்த உறுத்தலும் இல்லை. ரிஃப்ளெக்‌ஷன் (நிரல் ஓடும்போதே கிளாஸின் உட்பகுதியைத் தொடும் வசதி) வழியாகவும் அவற்றை மாற்ற முடியாது.

ஜாவா ஆப்ஜெக்டுகளைத் தரவுத்தளத்தில் சேமிப்பதற்கான ஜேபிஏவைப் பயன்படுத்துபவர்கள், என்டிட்டி (அப்படிச் சேமிக்கப்படும் கிளாஸ்) ஃபீல்டுகள் ஃபைனலாக இருக்கக் கூடாது என்று அதன் விதியே சொல்வதைச் சுட்டிக்காட்டுவார்கள். உண்மைதான். அந்த என்டிட்டியைத் தரவுத்தளத்தை ஒட்டிய அடுக்கிலேயே நிறுத்தி, உள்ளே வரும்போது ரெக்கார்டாக மாற்றிக்கொள்ளுங்கள். கூடுதலாக எழுத வேண்டியது ஒரு சிறிய மெத்தட் மட்டுமே.