நிக்கல் விலை ஏறினால் எனக்குக் கவலை

இந்தோனேசியா என்றால் நம் சிங்கப்பூர்க் காப்பிக்கடைப் பேச்சில் வருவது இரண்டே விஷயம். ஒன்று பக்கத்திலிருக்கும் அவர்களின் பாத்தாம் தீவுக்குப் படகேறிப் போய் மலிவாகச் சாப்பிட்டுவிட்டு வருவது, இன்னொன்று அங்கே காடு எரிந்து இங்கே வரும் புகைமூட்டம். மூன்றாவதாக ஏதாவது வந்தால், "மண்ணுக்குள்ள எல்லாத்தையும் வச்சிருக்காங்க, ஆளத்தான் தெரியல" என்ற தீர்ப்பு. ஒரு சொட்டு எண்ணெய்கூட மண்ணில் இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்வதில் நமக்கு ஒரு தனி சுகம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அவர்கள் நன்றாக ஆண்ட காலங்களும் உண்டு. பெரும்பாலும் அவை கையில் காசு இல்லாத காலங்கள்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. முகமது சாட்லி என்ற இந்தோனேசியப் பொருளியல் அறிஞர் சொன்னது. கெட்ட காலத்தில் நல்ல கொள்கை பிறக்கும், நல்ல காலத்தில் கெட்ட கொள்கை பிறக்கும் என்பார். 'சாட்லி விதி' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. 1970களில் சுரங்கத்துறை அமைச்சராக இருந்தவர் என்பதால் எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்திருப்பார்.

அவர் பார்த்தது பெர்த்தமினாவின் கதை. 1973இல் உலக எண்ணெய் விலை எகிறியதும் அந்த அரசு எண்ணெய் நிறுவனத்தில் பணம் கொட்டியது. தலைவர் இப்னு சுத்தோவோ எண்ணெயோடு நிற்கவில்லை. எஃகு ஆலை, எண்ணெய்க் கப்பல்கள், ஹோட்டல் என்று இறங்கினார். நாம் வார இறுதியில் போகும் பாத்தாமைத் தொழில் தீவாக்கும் திட்டமும் அவர் கையில்தான் இருந்தது. எண்ணெய் வருமானம் போதாதென்று வெளிநாட்டு வங்கிகளில் குறுகிய காலக் கடன் வேறு. 1975இல் தவணை கட்ட முடியவில்லை. கணக்குப் பார்த்தால் கடன் 1,000 கோடி அமெரிக்க டாலருக்கு மேல். உலகமே எண்ணெய்க்கு அலைந்த நேரத்தில் ஓர் எண்ணெய் நிறுவனம் இப்படிக் கவிழ்ந்தது!

இப்போது 1986க்கு வாருங்கள். எண்ணெய் விலை பீப்பாய்க்குப் பத்து டாலரை ஒட்டி விழுந்தது. வேறு வழியில்லாமல் தங்கள் நாணயமான ரூப்பியாவின் மதிப்பைக் குறைத்தார்கள், இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள். அதற்கு முந்தைய வருஷமே, லஞ்சம் தாங்காமல் சுங்கச் சோதனையை அப்படியே ஒரு சுவிஸ் நிறுவனத்திடம் தூக்கிக் கொடுத்திருந்தார்கள். எந்த அரசு மனமுவந்து இப்படிச் செய்யும்? முடை வந்தால் செய்யும். பலன் சீக்கிரமே தெரிந்தது. துணி, காலணி, ஒட்டுப்பலகை என்று எண்ணெய் அல்லாத ஏற்றுமதி எண்ணெயை முந்திவிட்டது. 1990களின் தொடக்கத்தில் நம் ஊர் நிறுவனங்கள் பாத்தாமில் தொழிற்சாலை திறந்ததும் இந்த அலையில்தான்.

சரி, நிக்கல். தாதுவை அப்படியே கப்பலேற்றக் கூடாது, இங்கேயே உருக்க வேண்டும் என்று 2020 ஜனவரியில் தடை போட்டபோது இங்கே பலர் சிரித்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் உலக வர்த்தக அமைப்புக்குப் போய் 2022இல் சாதகமான தீர்ப்பும் வாங்கியது. இந்தோனேசியா மேல்முறையீடு செய்துவிட்டு அசையாமல் இருக்கிறது. ஒரு காலனி நாடு செய்ய முடியாததை ஒரு சுதந்திர நாடு செய்து பார்க்கிறது, இதில் தப்பு என்ன? சுலாவெசித் தீவின் மொரோவாலியில் உருக்காலைகள் வரிசையாக எழுந்தன. உலகில் வெட்டியெடுக்கும் நிக்கலில் பாதிக்கு மேல் இன்று இந்தோனேசியாவுடையது. வெறும் மண்ணாகப் போனது எவர்சில்வராகவும் மின்கலன் மூலப்பொருளாகவும் போகிறது. இதைப் பலம் என்று ஒப்புக்கொள்ளாமல் வேறு என்ன சொல்வது?

ஆனால் அந்த உருக்காலைகளில் பெரும்பகுதி சீன நிறுவனங்களின் கையில் இருக்கிறது. முதலீட்டை இழுக்கக் கொடுத்த வரிச்சலுகையால் அரசுக்கு வர வேண்டியதில் ஒரு பங்கு வராமலே போகிறது. பசுமைக் கார்களுக்கான உலோகத்தை நிலக்கரி எரித்து உருக்குகிறார்கள். 2023 டிசம்பரில் மொரோவாலியில் நடந்த வெடிவிபத்தில் 21 தொழிலாளர்கள் இறந்தார்கள். 2022இல் விலை உச்சத்துக்குப் போனதைப் பார்த்து உருக்காலைகளைக் கட்டிக்கொண்டே போனதில் சந்தையில் நிக்கல் வழிந்து, விலை படுத்துவிட்டது. போதாததற்கு நிக்கலே தேவைப்படாத இரும்பு பாஸ்பேட் மின்கலன்களைச் சீனாவே கார்களில் பொருத்திக்கொண்டிருக்கிறது. வாங்குபவரும் அவரே, உருக்குபவரும் அவரே, மாற்றுப்பொருள் செய்பவரும் அவரே என்றால் பேரம் பேச என்ன மிச்சம்?

நல்ல காலத்தில் கெட்ட கொள்கை என்பது செம்பனை எண்ணெயில் இன்னும் பச்சையாகத் தெரிந்தது. 2022இல் உலக விலை உச்சத்தில் இருக்க, உலகிலேயே அதிகம் உற்பத்தி செய்யும் நாட்டில் மக்கள் சமையல் எண்ணெய்க்கு வரிசையில் நின்றார்கள். ஏப்ரல் 28 முதல் ஏற்றுமதிக்குத் தடை. செம்பனைப் பழத்தை வாங்க ஆளில்லாமல் சிறு விவசாயிகள் ஜகார்த்தாவில் போராட, மே 23இல் தடை விலகியது. (அதே ஆண்டு ஜூன் 1 முதல் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியதும் நம் கோழிச்சோற்றுக் கடைகள் பட்ட பாடு நினைவிருக்கும். அண்டை வீட்டு விலைவாசி நம் தட்டுக்கு வர ஒரு மாதம்கூடத் தேவையில்லை.)

என்னைக் கேட்டால் இந்தோனேசியாவின் பெரிய சொத்து நிக்கலும் இல்லை, நிலக்கரியும் இல்லை. 1998இல் பொருளாதாரம் 13 விழுக்காடு சுருங்கி, அதிபர் சுகார்த்தோ பதவி விலகி, நாடே நொறுங்கிய பிறகு எழுதிய ஒரு விதி. பட்ஜெட் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது 2003ஆம் ஆண்டுச் சட்டம். கொவிட் காலத்தில் மட்டும் அதைத் தளர்த்தினார்கள். சொன்ன கெடுவுக்கு ஒரு வருஷம் முன்னதாகவே, 2022இல், வரம்புக்குள் திரும்பியும் விட்டார்கள். பணக்கார நாடுகள் பலவற்றுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதோடு சுமார் 28 கோடி மக்கள் வாங்கிச் சாப்பிட்டு உடுத்துவதே பொருளாதாரத்தில் பாதிக்கு மேல் என்பதால், ஓர் உலோகத்தின் விலை விழுந்தால் நாடு விழுந்துவிடாது.

அலுவலக நண்பர்கள் சிலர் ரூப்பியா அரசுக் கடன்பத்திரம் பற்றி விசாரிக்கிறார்கள், இங்கே கிடைப்பதைவிட வட்டி ரொம்ப அதிகம் என்று. 2013 தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டாலர் 10,000 ரூப்பியாவுக்குள் இருந்தது, 2025இல் 16,000ஐத் தாண்டியது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள் என்பேன். நிக்கல் விலை வரைபடத்தை நான் பார்ப்பதில்லை. அதிபர் பிரபோவோ 8 விழுக்காடு வளர்ச்சி என்கிறார், பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசச் சாப்பாடு என்கிறார். சாப்பாடு நல்லதுதான், ஆனால் செலவு பெரிது. பல ஆண்டுகள் கணக்கைக் கட்டிக்காத்த நிதியமைச்சர் ஸ்ரீ முல்யானியை 2025 செப்டம்பரில் மாற்றினார். அன்று ரூப்பியாவை விற்றவர்கள் நிலத்தடியில் எத்தனை டன் தாது இருக்கிறது என்று பார்க்கவில்லை. அந்த 3 விழுக்காடு இனியும் நிற்குமா என்றுதான் பார்த்தார்கள். நிக்கல் மறுபடி விலையேறி, கஜானா நிறைந்து, "இனி எதற்கு இந்த வரம்பு?" என்று ஜகார்த்தாவில் யாராவது கேட்க ஆரம்பித்தால் நான் அந்தப் பத்திரத்தைத் தொட மாட்டேன்.