மாணவர்கள் விழுந்த இடத்தில் 29 ஆண்டுகள் கார்கள் நின்றன

அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், பிரென்டிஸ் விடுதிக்குப் பக்கத்தில் ஒரு வாகன நிறுத்துமிடம் இருக்கிறது. அதில் நான்கு இடங்களைச் சுற்றிச் சிறு விளக்குத் தூண்கள் நட்டு, பெயர் பொறித்த கல் பதித்திருக்கிறார்கள். ஆலிசன் க்ராஸ், ஜெஃப்ரி மில்லர், சாண்ட்ரா ஷோயர், வில்லியம் ஷ்ரோடர். நால்வருக்கும் வயது 19 அல்லது 20. 1970 மே 4 அன்று அவர்கள் குண்டடிபட்டு விழுந்த இடங்கள் அவை.

அந்த அடைப்பு வந்தது 1999இல். அதுவரை 29 ஆண்டுகள் அங்கே வண்டிகள் ஓடின, நின்றன. விழுந்தவனுக்கு விழுந்த இடத்திலேயே நடுகல் நட்ட மரபில் வந்த எனக்கு இது தாங்கவில்லை.

அந்த ஆண்டு ஏப்ரல் 30 அன்று, வியட்நாம் போரை விரித்து அண்டை நாடான கம்போடியாவுக்குள்ளும் படை அனுப்புவதாக அதிபர் நிக்சன் அறிவித்தார். வளாகங்கள் கொதித்தன. கென்ட்டில் தேசியக் காவல் படையை இறக்கினார்கள். மே 4 நண்பகல் 12:24க்கு, அந்தப் படையினர் 13 விநாடிகளில் 67 முறை சுட்டார்கள். நால்வர் இறந்தார்கள், ஒன்பது பேர் காயமடைந்தார்கள், அவர்களில் ஒருவருக்கு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சாண்ட்ராவும் வில்லியமும் போராட வந்தவர்களே அல்லர். வகுப்புகளுக்கு இடையே நடந்துகொண்டிருந்தவர்கள். சுட்டவர்களிடமிருந்து சாண்ட்ரா 390 அடி தொலைவில் இருந்தார். வில்லியமோ பல்கலைக்கழகத்திலேயே ராணுவ அதிகாரிப் பயிற்சி பெற்றுவந்த மாணவர்.

இன்று கென்ட்டின் நினைவுச் சின்னங்களைப் பலரும் பாராட்டுகிறார்கள். பாராட்ட வேண்டியவைதான். ஆனால் அந்தப் பாராட்டு யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. 1971 முதல் ஒவ்வோர் ஆண்டும், மே 3 இரவு மெழுகுவத்தியோடு வளாகத்தைச் சுற்றி நடந்துவிட்டு, நள்ளிரவிலிருந்து மறுநாள் 12:24 வரை அந்த நான்கு இடங்களிலும் முறைவைத்து மௌனமாக நிற்கிறார்கள். ஐந்து ஆண்டுகள் போதும் என்று 1975இல் நிர்வாகம் அதிகாரபூர்வ அஞ்சலியிலிருந்து விலகிக்கொண்டது. அப்போது மாணவர்கள் தாங்களே ஒரு குழு அமைத்து அதைத் தொடர்ந்து நடத்தினார்கள். சுடப்பட்டவர்களை நேரில் பார்த்தே இராத மாணவர்களும் பிற்பாடு அந்தக் குழுவில் சேர்ந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

1977இல் நடந்தது இன்னும் மோசம். துப்பாக்கிச்சூடு நடந்த நிலத்தின் ஒரு பகுதியிலேயே உடற்பயிற்சிக் கூடத்தின் புதிய கட்டடத்தை எழுப்ப நிர்வாகம் முடிவுசெய்தது. மாணவர்கள் அங்கே கூடாரம் அடித்து 62 நாள் தங்கினார்கள். இறந்தவர்களின் பெற்றோர் சிலரும் உடன் நின்றார்கள். எல்லோரையும் கைதுசெய்து அப்புறப்படுத்திவிட்டுக் கட்டடத்தைக் கட்டினார்கள். அது இன்றும் நிற்கிறது. யார் எங்கே நின்று சுட்டார்கள், யார் எங்கே ஓடினார்கள் என்று அந்த நிலத்தை வைத்துத்தானே ஆராய முடியும்? பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் உண்மையைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த நிலத்தையே மாற்றியதை நிர்வாக வசதி என்று என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்த ஆண்டு, சிற்பி ஜார்ஜ் சீகல் மே 4 நினைவாகச் செய்த சிலையையும் பல்கலைக்கழகம் மறுத்தது. பைபிள் கதையில் வருவதுபோல், மகன் ஈசாக்கைப் பலியிடக் கத்தியோடு நிற்கும் ஆபிரகாமின் சிலை அது. மூத்தவர்கள் இளையவர்களைப் பலி கொடுத்ததை இதைவிட நேராகச் சொல்ல முடியாது. ஆகவேதான் அதைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று நினைக்கிறேன். சிலை பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது. கென்ட்டுக்கு நினைவிடம் வந்தது 1990இல், அதுவும் முதலில் திட்டமிட்டதைவிட மிகச் சிறியதாக.

கென்ட்டுக்குப் பதினொரு நாள் கழித்து, மிசிசிப்பியின் ஜாக்சன் கல்லூரியில் போலீசார் சுட்டு இரண்டு கறுப்பின இளைஞர்கள் இறந்தார்கள். அந்தப் பெயர்கள் எத்தனை பேருக்குத் தெரியும்? பிலிப் கிப்ஸ், ஜேம்ஸ் ஏர்ல் கிரீன். கிரீன் பள்ளி மாணவர், வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்.

இப்போது கென்ட் நிர்வாகமே அஞ்சலி நிகழ்ச்சிகளின் பொறுப்பை ஏற்றிருக்கிறது. மனமார வரவேற்கிறேன். ஒன்றுதான் கேட்கிறேன். அங்கே வரும் புதிய மாணவருக்கு 13 விநாடிகளைச் சொல்லும்போது, வண்டிகள் நின்ற 29 ஆண்டுகளையும் சொல்லுங்கள். கூடாரத்தில் கிடந்த 62 நாட்களையும் சொல்லுங்கள். பிறகு அவர் கையில் ஒரு மெழுகுவத்தியைக் கொடுத்து, நான்கில் ஓர் இடத்தில் அரை மணி நேரம் நிற்க விடுங்கள்.