ஒரு வருடம் பிள்ளையின் பக்கத்தில் இருக்க முடியாதவர்கள் வழிகாட்டி வேலைக்கு வராதீர்கள்

மேட்ரிக் (பன்னிரண்டாம் கிரேடு) ரிசல்ட் வந்ததும், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் எங்கள் சாட்ஸ்வொர்த்தில் பாராட்டு விழாக்கள் தொடங்கிவிடும். நிறைய டிஸ்டிங்ஷன் வாங்கிய பிள்ளைகளை மேடையேற்றி மாலை போடுவார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அந்த மேடைகளில் தவறாமல் ஒரு பேச்சும் இருக்கும். "நம் முன்னோர்கள் கரும்புத் தோட்டத்தில் படாத பாடா? நீங்கள் ஒரு பரீட்சைக்குப் போய் மனம் உடையலாமா?" அந்தப் பேச்சு எந்தப் பிள்ளைக்குத் தேவையோ, அவன் அந்த மண்டபத்திலேயே இல்லை. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறான்.

அதோடு, அந்தப் பேச்சு நம் முன்னோர் கதையைப் பாதிதான் சொல்கிறது. 1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து 342 பேரோடு டர்பனுக்கு வந்து சேர்ந்தது. அவர்களும் பின்னால் வந்தவர்களும் எவ்வளவோ தாங்கினார்கள், உண்மை. ஆனால் யாரும் தனியாகத் தாங்கவில்லை. பக்கத்தில் ஆள் இருந்தது. தகரமும் மரமும் வைத்துச் சேர்ந்து கட்டிய கோவில் இருந்தது. டர்பனில் இந்திய மாநகராட்சித் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பாரக்ஸில் வளர்ந்த எங்கள் ஆயா (பாட்டி), பாதி நாள் பக்கத்து வீட்டு அக்கா அடுப்பில்தான் சாப்பிட்டதாகச் சொல்வார். இனத்துக்கு ஒரு பகுதி என்று ஜனங்களைப் பிரித்துக் குடியமர்த்த 1950இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டம் உடைத்தது அந்த அக்கம்பக்கத்தைத்தான். அறுபதுகளில் கேட்டோ மேனரிலிருந்தும் மேகசின் பாரக்ஸிலிருந்தும் ஜனங்களைக் கிளப்பி சாட்ஸ்வொர்த்தின் சின்னச் சின்ன வீடுகளில் கொண்டுவந்து வைத்தார்கள். கூட்டுக் குடும்பங்கள் பிரிந்தன. ஒரு பிள்ளை முகம் வாடினால் கவனிக்க வீட்டைச் சுற்றி நாலு பெரியவர்கள் இருந்தார்களே, அவர்கள் ஆளுக்கொரு யூனிட்டுக்கு (சாட்ஸ்வொர்த்தின் பகுதிகளை அப்படித்தான் சொல்வோம்) போய்விட்டார்கள்.

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வழிகாட்டியாக ஒரு பெரியவரைச் சேர்த்து வைப்பது என்கிறோமே, என்னைப் பொறுத்தவரை அது அந்த நாலு பேரில் ஒருவரைத் திரும்பக் கொண்டுவருகிற வேலை. வேறு பெரிய தத்துவம் எதுவும் இல்லை.

இதற்கு ஆராய்ச்சியும் இருக்கிறது. எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். வறுமை, குடி, சண்டை என்று பல சிக்கல்கள் சேர்ந்த வீடுகளில் பிறந்தும், அப்படிப்பட்ட பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாகத் தலையெடுத்தார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பத் தென்பட்ட ஒன்று, கைவிடாத ஒரு பெரியவர். பாட்டி, சித்தி, டீச்சர், பக்கத்து வீட்டுக்காரர், யாராகவும் இருக்கலாம்.

நம் ஊரில் இதைச் சொன்னால் உடனே பத்துப் பேர் கை தூக்குவார்கள். அங்கேதான் எனக்குப் பயம். ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் இருவரும் அமெரிக்காவில் நடந்த ஒரு வழிகாட்டித் திட்டத்தை ஆராய்ந்து 2002இல் எழுதியதைப் படித்தவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு வருடமோ அதற்கு மேலோ நீடித்த உறவுகளில்தான் பிள்ளைகள் அதிகம் முன்னேறினார்கள். மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன இடங்களில் பிள்ளையின் சுயமதிப்பு முன்பு இருந்ததைவிடக் கீழே போனது. யோசித்துப் பாருங்கள், ஏற்கெனவே அப்பா விட்டுப்போன பிள்ளை அது. நாமும் நாலு சனிக்கிழமை வந்துவிட்டுக் காணாமல் போனால், அதற்கு நாம் என்ன கற்றுக்கொடுத்ததாக ஆகும்?

மனத்திடத்தைப் பாடமாக நடத்தலாம் என்று நினைப்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. பள்ளியில் லைஃப் ஓரியன்டேஷன் என்ற வாழ்க்கைத் திறன் பாடத்துக்கு வாரத்துக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது, அதில் மன அழுத்தத்தைச் சமாளிப்பது பற்றிய பாடமும் உண்டு. பிள்ளைகள் அதைப் படித்துப் பரீட்சையும் எழுதிவிடுகிறார்கள். ஆனால் தோற்றுப்போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்தப் பாடம் கைகொடுப்பதில்லை. அப்போது பக்கத்தில் ஆள் வேண்டும்.

என்னிடம் வந்த ஒரு பெண் பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளங்களை மாற்றிவிட்டேன். பத்தாம் கிரேடு, ஆயா வளர்க்கும் பிள்ளை. ஜூன் பரீட்சையில் கணக்கில் ஃபெயில். மேத்ஸை விட்டுவிட்டு அன்றாடக் கணக்கை மட்டும் சொல்லித்தரும் மேத்ஸ் லிட்டரசிக்கு மாறிவிடும்படி பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அது கௌரவக் குறைச்சல் இல்லை, பல பிள்ளைகளுக்கு அதுதான் சரியான வழி. ஆனால் மாறிவிட்டால் இன்ஜினியரிங், மருத்துவம் போன்ற படிப்புகளுக்கு வழி அடைபட்டுவிடும் என்பதை அவளுக்கு யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை. "நான் மக்கு ஆன்ட்டி, எனக்குக் கணக்கு வராது" என்றாள். (பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் கோவில் பாட்டோடு சரி.)

"நீ மக்கு இல்லை, தைரியமாக இரு" என்று நான் சொல்லவில்லை. விடைத்தாளைக் கொண்டுவரச் சொன்னேன். ஒவ்வொரு கணக்காகப் பார்த்தோம். எல்லாவற்றையும் சரியாகத்தான் தொடங்கியிருக்கிறாள். காரணிப்படுத்த வேண்டிய வரி வந்ததும் நின்றுவிடுகிறாள். அது ஒன்பதாம் கிரேடில் விட்டுப்போன பாடம். அவளையே எண்ணச் சொன்னேன், எத்தனை மதிப்பெண் அந்த ஓர் இடத்தில் போனது என்று. எண்ணி முடித்தபோது அவள் முகத்தில் அழுகை இல்லை, கோபம் இருந்தது. "இது ஒன்றுக்காகவா?" என்று கேட்டாள்.

நான் பார்த்தவரை மனத்திடம் என்பது இங்கேதான் ஆரம்பிக்கிறது. தோல்வி தன் உடம்பு முழுக்க ஒட்டிக்கொண்டது என்று நினைக்கும் பிள்ளைக்கு, அது எந்த வரியில் இருக்கிறது என்று காட்டவேண்டும். அதன் பிறகு அவள் அடுத்த டெஸ்டிலும் ஃபெயில். அதற்கடுத்த வாரமும் நாங்கள் உட்கார்ந்தோம். வருடக் கடைசியில் முப்பது சொச்சத்தில் பாஸ் செய்தாள். இன்ஜினியரிங்குக்கு அது போதாது, அவளுக்கும் தெரியும். ஆனால் மேத்ஸிலேயே இருப்பது என்று அவளாக முடிவெடுத்தாள், காரணமும் சொன்னாள்.

அப்புறம் இன்னொன்றையும் அழுத்திச் சொல்லவேண்டும். பசிக்கு மனத்திடம் மருந்தில்லை. அண்ணன் சுகர்ஸ் என்ற போதைப்பொருளுக்கு அடிமையாகி வீட்டுச் சாமானை விற்கிறான், அல்லது வீட்டில் அடி விழுகிறது என்றால், அந்தப் பிள்ளையிடம் போய் "நீ உறுதியாக இரு" என்று சொல்வது அநியாயம். அங்கே வழிகாட்டியின் வேலை, தெரிந்ததை மூடி வைக்காமல் உரியவர்களிடம் கொண்டுபோவது. பள்ளியில் பொறுப்பான ஆசிரியர் யார், சமூகநலத் துறைக்கு எப்படிப் போவது, குழந்தைகளுக்கான உதவி அமைப்பான சைல்ட்லைனின் இலவச எண் 116, இவற்றையெல்லாம் முதல் வாரமே தெரிந்து வைத்திருக்க வேண்டும். ரகசியம் காப்பேன் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது.

கோவில் கமிட்டிகளையும் சங்கங்களையும் நான் கேட்பது இதுதான். பாராட்டு விழா நடத்துங்கள், தப்பில்லை. கூடவே ஒவ்வொரு யூனிட்டிலிருந்தும் சிலரைப் பொறுக்கியெடுங்கள். ஓய்வுபெற்ற நர்ஸ், பஸ் டிரைவர், மாநகராட்சியில் வேலை பார்த்தவர், யாரானாலும் சரி, பட்டம் தேவையில்லை. ஜனவரியில் பள்ளி திறப்பதிலிருந்து நவம்பர் பரீட்சை முடியும்வரை, வாரம் ஒரு மணி நேரம், அதே பிள்ளையோடு இருக்கமுடியும் என்பவர்கள் மட்டும் வரட்டும். கைவசம் ஐந்து பேர்தான் தேறினால் ஐந்து பிள்ளைகளோடு தொடங்கலாம். ஜனவரியில் வரும் மேட்ரிக் ரிசல்ட்டில் ஃபெயிலான பிள்ளைகளையும் விட்டுவிடாதீர்கள். அவர்கள் மறுபடி பரீட்சை எழுத, கல்வித்துறை 2016இல் தொடங்கிய செகண்ட் சான்ஸ் திட்டம் இருக்கிறது. படிவத்தை நிரப்பிக் கொடுக்க ஆள் இல்லாமலே அதைத் தவறவிடும் பிள்ளைகள் உண்டு.

பிள்ளைகளோடு வேலை செய்ய வருபவர்களின் பெயர் தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டில், பிள்ளைகளோடு வேலை செய்யத் தகுதியில்லாதவர்கள் பட்டியலில், இல்லை என்று சரிபார்த்தாக வேண்டும். அதற்கு ஃபார்ம் 30 கொடுக்கவேண்டும், பதில் வர நாளாகும். வர நினைப்பவர்கள் டிசம்பர் லீவு வரை காத்திருக்காமல் இப்போதே அதை வாங்கிப் பூர்த்தி செய்யுங்கள். எப்படி நிரப்புவது என்று தெரியாவிட்டால் எனக்கு இன்பாக்ஸில் எழுதுங்கள், உட்கார்ந்து சேர்ந்தே நிரப்பலாம்.