50 எம்எம் லென்ஸ் 75 ஆக மாறுவதில்லை
ஏபிஎஸ்-சி கேமராவில் (படத்தைப் பதியும் சென்சார் சின்னதாக இருக்கும் வகை) மாட்டினால் 50 எம்எம் லென்ஸ் 1.5ஆல் பெருகி 75 எம்எம் ஆகிவிடும் என்று இந்தக் கேமரா கட்டுரை சொல்வது தவறு. அந்த எம்எம் எண் குறிக்கும் குவியத்தூரம் லென்ஸின் கண்ணாடி அமைப்பைப் பொறுத்தது, எந்தக் கேமராவில் மாட்டினாலும் அது 50தான். லென்ஸ் விழச்செய்யும் அதே பிம்பத்தின் நடுப்பகுதியை மட்டும் சின்ன சென்சார் எடுத்துக்கொள்கிறது, அதனால் பார்வைக்கோணம் குறுகுகிறது. 36 மி.மீ. அகல சென்சாருள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவில் கிடைமட்டமாகச் சுமார் 40 டிகிரி, ஏபிஎஸ்-சியின் 23.5 மி.மீ. சென்சாரில் 26 டிகிரிதான். 3 மீட்டர் தூரத்தில் முன்னதில் 2.16 மீட்டர் அகலம் அடங்கும், பின்னதில் 1.41 மீட்டர். சிறிய அறையில் குடும்பப் படம் எடுக்கும்போது ஓரத்தில் நிற்பவர் வெட்டுப்படுவது இதனால்தான். 4.6 மீட்டர் தூரம் வரும்படி பின்னால் நகர்ந்தால் எல்லாரும் அடங்குவார்கள், ஆனால் தூரம் மாறியதால் முகத்துக்கும் பின்னணிக்கும் உள்ள அளவு விகிதமும் மாறிவிடும். நின்ற இடத்திலிருந்தே எடுக்க 35 எம்எம் லென்ஸ் போடுங்கள். மேலே கருத்திட்ட ஒருவர், ஏபிஎஸ்-சிக்கென்றே செய்த லென்ஸுக்கு 1.5 பெருக்கல் வேண்டாம் என்கிறார். வேண்டும்! 18-55 என்று அச்சிட்டிருப்பதும் உண்மையான குவியத்தூரமே, ஃபுல் ஃபிரேமோடு ஒப்பிட்டால் அது 27-82 தரும் கோணம். கேனான் நிறுவனத்தின் ஏபிஎஸ்-சி கேமராவில் 1.5க்குப் பதில் 1.6ஆல் பெருக்க வேண்டும்.