அரைப் பாகம் தள்ளி நில்லு

(2020, மார்ச் 24. ராத்திரி எட்டரை மணி. பாம்பனில் ஒரு வீடு. நள்ளிரவிலிருந்து 21 நாள் கொரோனா ஊரடங்கு என்று பிரதமர் டிவியில் சொல்லி முடித்த சூடு இன்னும் ஆறவில்லை. மூன்று நாள் முன்னால் சென்னையிலிருந்து வந்த பேரன் திண்ணையில் கிடக்கிறான். அப்பத்தா உள்ளே கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறாள், வரமாட்டேன் என்பது அவன்தான்.)

பேரன்: கிட்ட வராத அப்பத்தா! ஒரு மீட்டர் தள்ளி நில்லு.

அப்பத்தா: மீட்டர்னா எம்புட்டு?

பேரன்: ரெண்டு கையையும் விரிச்சா வருதுல்ல, அதுல பாதி. கொஞ்சம் கூடவே இருக்கட்டும்.

அப்பத்தா: அரைப் பாகம்னு சொல்லித் தொலையேன்டா. கயித்தைக் கடலுக்குள்ள விட்டு, பாகம் பாகமா ஆழம் பாத்த மனுசன் பேரன், மீட்டர்ங்கிறான்!

பேரன்: கை கழுவுனியா? 20 நொடி தேய்க்கணும்.

அப்பத்தா: நொடிய எப்புடிறா எண்ணுறது?

பேரன்: பொறந்தநாள் பாட்டு இருக்குல்ல, அத ரெண்டு தடவ பாடணும்.

அப்பத்தா: யாருக்குப் பொறந்தநாளு?

பேரன்: யாருக்கும் இல்ல. சும்மா கணக்குக்கு.

அப்பத்தா: பாட்டு ஓசி, தண்ணி ஓசியா? காவிரித் தண்ணி வந்து நாலு நாளாச்சு. குடம் பத்து ரூவான்னு வண்டிக்காரன்ட்ட வாங்கி வச்சிருக்கேன். நீ பொழுது சாஞ்சதுலேருந்து ஒம்போது தடவ கழுவிட்ட. அம்புட்டும் முருங்கை மூட்டுக்குத்தான் போகுது. அந்த மரத்துக்கு இனிமே சாகுற வரைக்கும் ஒரு காய்ச்சல் வராது.

பேரன்: தண்ணி வேணாம்னா சானிடைசர் இருக்கே, சன்னல்ல வச்சேனே?

அப்பத்தா: டாஸ்மாக்க மூடிட்டாகள்ல. ஒங்க சித்தப்பன் நாலு வாட்டி வந்து மோந்து பாத்துட்டுப் போனான். அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கேன்.

(உள்ளே சித்தப்பா இருமுகிறார். இந்த வீடும் பக்கத்து வீடும் சேர்ந்து மூச்சை நிறுத்துகின்றன. ஒன்றுமில்லை, பீடி.)

பேரன்: சாமான் எல்லாம் இருக்கா? நான் 12 பாக்கெட் நூடுல்ஸ் வாங்கிட்டு வந்தேன்.

அப்பத்தா: அதை வச்சு ஊரைக் காப்பாத்து. இங்க வந்து பாரு... நீதான் உள்ள வரமாட்டியே, அங்கேருந்தே கேளு. முண்டு மிளகா அரைச் சாக்கு. புளி ஒரு பானை. ஓலைப் பெட்டியில கருப்பட்டி. நெத்திலி, வாளை, காரப்பொடின்னு மூணு பானை கருவாடு, வாயில துணி கட்டி வச்சிருக்கு.

பேரன்: அப்பத்தா! கொரோனா வரும்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமா?

அப்பத்தா: எவன்டா இவன், மீன்பிடித் தடைக்காலத்துக்கு வச்சதுடா! ஒங்க ஊரடங்கு என்னைக்கு முடியுது?

பேரன்: ஏப்ரல் 14.

அப்பத்தா: தடைக்காலத்துக்கு விசைப்படகைக் கரையில கட்டிப்போடுறது என்னைக்கு?

பேரன்: ஏப்ரல்... 15.

அப்பத்தா: 61 நாளு. ஜூன் 14 வரைக்கும். ரெண்டையும் சேத்துப் போடு.

(பேரன் போனைத் தேடி எடுக்கிறான்.)

அப்பத்தா: எம்பத்திரண்டு. போனைக் கீழ வையி. ஒரு நாளாச்சும் எடவெளி விட்டாகளா பாத்தியா? தச்ச மாதிரில்ல இருக்கு. தடைக்காலத்துக்காச்சும் ஐயாயிரம் குடுப்பாக. இதுக்கு?

பேரன்: கார்டுக்கு 1,000 ரூபா. ரேஷன்ல அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை சும்மா குடுக்கிறாங்களாம். ஆனா வரிசையில தள்ளித் தள்ளி நிக்கணும்.

அப்பத்தா: அரைப் பாகம் விட்டா? அப்ப கடைசி ஆளு பாலத்தத் தாண்டி மண்டபத்துலல்ல நிப்பான்! அவன் வந்து சேர்றதுக்குள்ள கடைக்காரன் பூட்டிட்டுப் போயிருவான்.

பேரன்: சிரிக்காத. மூஞ்சிக்கு ஏதாவது கட்டிக்க.

அப்பத்தா: கருவாடு காயப்போடுற களத்துல நாப்பது வருசமா முந்தானைய மூக்குல சுத்திக்கிட்டுத்தான் நிக்கிறேன். அப்ப எவனும் டிவியில வந்து சொல்லல.

(அடுப்படியிலிருந்து நெத்திலி வறுபடும் வாசம். பேரனின் மூக்கு முதலில் திரும்புகிறது, பிறகு தலை, பிறகு ஆளே எழுந்து வாசப்படியில் கால் வைக்கிறான்.)

அப்பத்தா: ஏய், 14 நாளு திண்ணைன்னியே?

பேரன்: தட்டை மட்டும் வாங்கிக்கிறேன்.

அப்பத்தா: அரைப் பாகம் தள்ளி நில்லு! போயி கையக் கழுவிட்டு வா. பாட்டு ஒரு தடவ போதும், குடத்துல தண்ணி இல்ல.